இல்டாவின் ஒன்பது நொடி

2023 ஜனவரி 9, திங்கள்

மருந்துக் கடையில் சும்மா கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூட்டுவலித் தைலத்தின் படம். அலமாரித் தட்டில் கிழித்து விரிக்கலாம் என்றுதான் வாங்கி வந்தேன். இன்று காலை ஒரு போன் வந்தது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். வீட்டில் இருப்பது நானும் ஃபிரிட்ஜும்தான். அது பேசிக்கொண்டே இருக்கும், காது கொடுக்காது. ஆகவே எழுதுகிறேன்.

பேசியவர் ரகோத்தமன். முப்பத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம். "வேணி, நான்தான்" என்றார். கமலவேணி என்ற என் பேரின் பின்பாதியை மட்டும் கூப்பிட்ட ஒரே மனுஷர் அவர்தான். "எந்த நான்?" என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். கொஞ்சம் தவிக்கட்டுமே.

விஷயம் இதுதான். நாங்கள் இருவரும் நடித்த நாடகக் குழுவுக்கு ஐம்பது வயசாகிறது. மார்ச் 19 மயிலாப்பூரில் விழா. பழைய நாடகங்களிலிருந்து ஒவ்வொரு காட்சியாகப் போடப்போகிறார்கள். 'பதினோரு வருஷம்' நாடகத்தின் கடைசிக் காட்சியை அவரும் நானும் செய்ய வேண்டுமாம்.

அதைக் கேட்க என்ன நெஞ்சழுத்தம். வீட்டைவிட்டுப் போன புருஷன் பதினோரு வருஷம் கழித்து வந்து வாசலில் நிற்கிறான். "நல்லா இருக்கியா?" என்று கேட்கிறான். மனைவி, "உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்று சொல்ல வேண்டும். திரை. 1991-ல் நான் அதைச் சொல்லாமல் மரம் மாதிரி நின்றேன். கடைசியில் அவரே, "எனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்னு சொல்ல வர்றே, அதானே?" என்று எடுத்துக் கொடுத்தார். சபா கொல்லென்று சிரித்தது. கமலவேணி வசனத்தை மறந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. மேடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டப்பிங்குக்கு வந்தேன். இப்போது என் குரல் தினமும் ஆயிரம் வீட்டுக்குப் போகிறது. முகம் என் தெருக் காய்கறிக்காரருக்குக்கூடச் சரியாகத் தெரியாது. மேடையை ஏன் விட்டீர்கள் என்று யாராவது ஆரம்பித்தால் நானே முந்திக்கொண்டு, "மறதி ஜாஸ்தி" என்று சிரித்துவிடுவேன்.

மனைவி ஹேமா கொரோனாவில் போய்விட்டதையும் நடுவில் சொன்னார். பிப்ரவரி கடைசிக்குள் பதில் வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது. முடியாது.

அரிசி ஊறப் போட வேண்டும்.

ஜனவரி 11, புதன்

புது வேலை. போர்ச்சுகீசிய சீரியல், நூற்றிருபது பகுதி. கப்பல் துறை ஊர் ஒன்றில் தங்கும் விடுதி நடத்தும் தோனா அமேலியா என்ற விதவைத் தாய்க்கு நான் குரல். வசனம் எழுதுவதும் எங்களை மேய்ப்பதும் இளம்பரிதி. முப்பது வயசுப் பையன், தாடிக்கு மட்டும் நாற்பது. ஒலிப்பதிவு ஜோயல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவர், இந்தப் பக்கம் மைக்கோடு நான்.

அமேலியாவாக நடிப்பவர் பேர் இல்டா மர்சால். நடிக்கும்போது அவருக்கு எண்பத்து மூன்று வயசாம். நான் முதலில் பார்த்தது உதட்டை இல்லை, தொண்டையைத்தான். புதுசாக வருகிறவர்கள் வாயசைவைப் பிடிக்கப் பார்ப்பார்கள், அது நழுவிக்கொண்டே இருக்கும். மூச்சைப் பிடித்துவிட்டால் வாய் தானாக வரும். இல்டா மூச்சு எடுக்கும்போது கழுத்துக் குழி லேசாக உள்ளே போகிறது. அந்தக் குழியைப் பார்த்து நானும் இழுத்தேன். முதல் துண்டே ஒரே தடவையில் சரியாகிவிட்டது.

"என்ன கமலாம்மா, முன்ன பின்ன பழக்கமா?" என்று ஜோயல் கேட்டான்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஜனவரி 17, செவ்வாய்

காணும் பொங்கல். எல்லோரும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள், தெரு காலியாக இருக்கிறது. இல்டாவைப் பற்றி இளம்பரிதி எதையோ அனுப்பியிருந்தான், மிஷின் மொழிபெயர்த்த பழைய கட்டுரை. "அவள் ஒரு மத்தி மீனில் பிறந்தாள்" என்று ஆரம்பிக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். விஷயம், அவள் அம்மா மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். போர்ச்சுகலின் தென்கோடியில் ஒரு மீன்பிடி ஊர். பதினேழு வயசில் லிஸ்பனுக்கு ஓடி வந்து, பாட்டும் கேலியுமாக நடக்கும் நாடகக் கொட்டகையில் பின்வரிசையில் ஆடும் பெண்ணாகச் சேர்ந்திருக்கிறாள். கூட ஆடியவர்கள் மீன் வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்துவார்களாம். சொந்த ஊரான சேலத்தைவிட்டு நான் பட்டணம் வந்ததும் பதினேழில்தான். என்னிடம் அடித்தது எங்கள் ஊர் ஜவ்வரிசி ஆலை வாடை.

முப்பது வயசுக்குள் பெரிய நாடக அரங்கில் கதாநாயகி. நாற்பதுக்கு மேல் யாரும் கூப்பிடவில்லை. பத்து வருஷம் குழந்தைகளின் கார்ட்டூன் படத்தில் ஒரு வாத்துக்குக் குரல் கொடுத்தாளாம். இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அடி என் ராசாத்தி, நீயும் நம்ம இனமா. அப்புறம் தொலைக்காட்சி வந்து ஐம்பதில் மறுபடி பிடித்துக்கொண்டாள். சந்தையில் அவளை யாரும் இல்டா என்று கூப்பிட மாட்டார்களாம், பாத்திரத்தின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். ஆனாலும் எழுபத்தொன்பது வயசுவரை வருஷத்துக்கு ஒரு நாடகம். மேடையை விடவேயில்லை.

அந்த ஒரு வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

ஜனவரி 23, திங்கள்

வாரத்தில் நாலு நாள் போர்ச்சுகீசிய விதவை. மூன்று நாள் சேலத்துக் கன்னி.

பிப்ரவரி 2, வியாழன்

இல்டா சில வரிகளுக்கு முன்னால் வலது கையைத் தூக்கிக் காது பக்கத்தில் முடியை ஒதுக்குகிறாள். முதலில் பாவனை என்று நினைத்தேன். இன்று ஜோயலிடம் சொன்னபோது படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். காதுக்குள் பட்டாணி அளவுக்கு ஒன்று. யாரோ மறைவில் உட்கார்ந்து வசனம் படிக்க, அதைக் கேட்டுச் சொல்கிறாளாம். வயசானவர்களுக்கு இப்படி ஏற்பாடு உண்டென்றான்.

அதற்கப்புறம் அவள் காது பக்கம் கையைக் கொண்டுபோகும்போதெல்லாம் என் கையும் என் காதுக்குப் போனது. வரி வருமா வராதா என்று நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா. ரகோத்தமன் இன்று இரண்டு தடவை போன் செய்திருந்தார். எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, வியாழன்

முன்னோட்டத்துக்கு வேண்டும் என்று இன்று வரிசையைத் தாண்டி நூற்றுப் பதினெட்டாம் பகுதி. அமேலியாவின் ஒரே மகன் பிரேசிலுக்குப் போகிறான், திரும்பி வரப்போவதில்லை. பெட்டியோடு சமையலறை வாசலில் நிற்கிறான். "ஏதாவது சொல்லுங்கம்மா" என்கிறான். இல்டா கேமராவுக்கு முதுகைக் காட்டித் தொட்டி முன்னால் நிற்கிறாள். தெரிவது பின்கழுத்தும் கன்னத்தில் கால்வாசியும்தான். பேசவில்லை. நான் காதில் அசல் ஒலியைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், குழாய்த் தண்ணீரின் சத்தம் மட்டும் ஓடுகிறது. எண்ணிப் பார்த்தால் ஒன்பது நொடி. அப்புறம் மகன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறான்.

பாவி மகளுக்கு வரி மறந்துவிட்டது. காதில் சொல்லியும் பிடிக்க முடியவில்லை. அந்தப் புண்ணியவான் டைரக்டரும் மறுபடி எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டான். ஒரு நடிகை தவிக்கும்போது இன்னொரு நடிகை சும்மா பார்த்துக்கொண்டு நிற்கலாமா. வாய் தெரியாத இடத்தில் நாங்கள் வார்த்தை போடுவது வழக்கம்தான். இன்னொரு தடவை ஓட்டச் சொல்லி, அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டே போட்டேன்:

"போயிட்டு வாப்பா. எனக்கென்ன, நான் இங்கதான் இருப்பேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளம்பரிதி எழுந்து நின்று கைதட்டினான். பேப்பரில் இல்லாத வரி, இதைவிட நல்ல வரியை அவன் எழுதியதே இல்லை என்றான். ஜோயல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. வரும் வழியில் அரை கிலோ ஜாங்கிரி வாங்கினேன், தின்ன ஆளில்லாவிட்டாலும்.

பிப்ரவரி 14, செவ்வாய்

முன்னோட்டம் வந்துவிட்டது. முப்பது நொடி. அதில் கடைசியாக இல்டாவின் பின்கழுத்தும் என் வரியும். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் போன். ரகோத்தமன் அனுப்பிய செய்தி: "குரல் கேட்டவுடனேயே நீதான் என்று தெரிந்தது. அந்த வரி ரொம்ப நன்றாக இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை."

தெரிந்துவிட்டதாம். முப்பத்திரண்டு வருஷமாக எத்தனை சீரியலில் கத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் தெரியவில்லை.

பிப்ரவரி 17, வெள்ளி

இல்டாவுக்கு இரண்டு வார்த்தை பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்று தோன்றியது. பெரிதாக ஒன்றுமில்லை. அம்மா, உங்கள் மூச்சில் நான் ஒரு மாசத்துக்கு மேலாக மூச்சு விடுகிறேன், உங்களுக்கு ஒரு இடத்தில் தடுமாறியது, நான் பார்த்துக்கொண்டேன், கவலைப்படாதீர்கள் என்று. இதை எப்படி அனுப்புவது என்று இளம்பரிதியைக் கேட்டேன். அவன் தாடியைச் சொறிந்தான்.

"மேடம், உங்களுக்குத் தெரியாதா? அவங்க இறந்து மூணு வருஷமாச்சு. இந்த சீரியல்தான் கடைசி."

நான் மைக் முன்னால் போய் நின்றேன். திரையில் அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியை வைதுகொண்டிருந்தாள். கழுத்துக் குழி உள்ளே போனது, நானும் இழுத்தேன். செத்துப்போனவளோடு சேர்ந்து மூச்சு விடுவது சுலபமில்லை. நாலு தடவை சொதப்பினேன்.

பிப்ரவரி 22, புதன்

இன்று எதையும் சமைக்கவில்லை.

இல்டாவைப் பற்றி அந்த ஊர்த் தொலைக்காட்சி எடுத்த ஒரு மணி நேரப் படத்தை இளம்பரிதி தேடி அனுப்பியிருந்தான், நான் வருத்தப்பட்டதைப் பார்த்து. கீழே ஆங்கில எழுத்து ஓடியது. நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

அவள் இளமையில் போர்ச்சுகலில் சர்வாதிகார ஆட்சி. நாடகம் அரங்கேறுவதற்கு முன்னால் தணிக்கைக்காரர்கள் வந்து உட்கார்ந்து, நீலப் பென்சிலால் பிடிக்காத வசனத்தை அடிப்பார்கள். ஒரு நாடகத்தில், சிறைக்குப் போன மகனைப் பற்றி ஒரு தாய் பேசும் முக்கியமான வரியை அடித்துவிட்டார்கள். இல்டா அதைச் சொல்லிக்கொண்டே சிரிக்கிறாள், பல்செட் தெரிய. "அந்த வரியைப் பேசக் கூடாது என்றுதான் உத்தரவு. பேசாமல் நிற்கக் கூடாது என்று உத்தரவில்லையே." வரி எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள் அதை முழுதாகச் சொல்லிக்கொண்டு நிற்பாளாம். கொட்டகையில் ஒரு இருமல் கேட்காதாம். தன் பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பிய ஒவ்வொரு தாயும் அந்த இடத்தில் அவரவர் வரியைப் போட்டுக்கொள்வாளாம். 1974-ல் ஆட்சி கவிழ்ந்ததும் அதே நாடகத்தை அடிபடாத வரியோடு போட்டார்கள். "நன்றாகச் சொன்னேன். கைதட்டினார்கள். ஆனால் சொல்லாதபோதுதான் அழுதார்கள்" என்கிறாள்.

அப்புறம் இந்த சீரியலின் டைரக்டர் வருகிறார். கடைசியில் மகன் போகும் காட்சியில் இல்டாவுக்கு இரண்டு பக்க வசனம் இருந்ததாம். படப்பிடிப்பு அன்று காலை அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்து, "இதற்கு எனக்கு வரி வேண்டாம், அடித்துவிடு" என்றாளாம்.

ஓடிப்போய் முன்னோட்டத்தைப் போட்டு அந்த இடத்தில் நிறுத்தினேன். கொண்டையைத் தூக்கிக் கட்டியிருக்கிறாள். காது முழுசாகத் தெரிகிறது. காலி. இத்தனை நாளாக அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்த நான் அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை.

அவள் மறக்கவில்லை. நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

இளம்பரிதியிடம் போய் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான், நல்ல பிள்ளைதான். ஒப்படைத்தாகிவிட்டது, சீரியலை வெளியிடுகிறவர்கள் ஒப்புக்கொண்டாகிவிட்டது, விளம்பரமே அந்த வரியை வைத்துத்தான் ஓடுகிறது என்றான். கெஞ்சினேன். அவன் முன்னால் கை கூப்பினேன், அவனும் பதறி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம், நீங்க அந்தச் சீனைக் காப்பாத்தினீங்க. நீங்களே ஏன் இப்படிச் சொல்றீங்க?"

காப்பாற்றினேனாம். பேருந்தில் வீடு வரும்வரை அந்த வார்த்தை காதிலேயே இருந்தது. 1991-ல் திரை விழுந்ததும் ஒப்பனை அறையில் எல்லோரும் ரகோத்தமனைச் சூழ்ந்துகொண்டு சொன்னதும் அதுதான். நல்லவேளை சார், காப்பாத்தினீங்க.

பிப்ரவரி 25, சனி

சரி. எழுதிவிடுகிறேன். தைல டைரியை யார் படிக்கப்போகிறார்கள்.

நான் மறக்கவில்லை. அன்று மத்தியானம் ஒத்திகை முடிந்து ஒப்பனை அறையில் ரகோத்தமன் கல்யாணப் பத்திரிகையை என் கையில் கொடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள். "நீ முதல் நாளே வந்துடணும், வேணி" என்றார். ஆறு வருஷம் ஒன்றாக நடித்தோம், ஒரே ரயில் பெட்டியில் ஊர் ஊராகப் போனோம், எனக்கு ஜுரம் வந்தபோது திருச்சியில் ராத்திரி முழுதும் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று இருந்துவிட்டேன். மடச்சி. பத்திரிகையைப் பவுடர் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு முகத்துக்குச் சாயம் பூசினேன்.

ஆறரை மணிக்கு நாடகம். கடைசிக் காட்சியில் அதே மனுஷர் வந்து வாசலில் நின்று "நல்லா இருக்கியா?" என்று கேட்கிறார். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். வரி தொண்டையில்தான் இருந்தது, ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. அதை நாடகமாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே நின்றேன். சபாவில் ஒரு சத்தமில்லை. ஜனங்கள் என்னோடு நின்றார்கள், அது எனக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டு நொடி விட்டிருந்தால் அந்த வரி தன்னால் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

அவர் பேசிவிட்டார். எனக்கு அவர்மேல் எவ்வளவு ஆசை இருந்தது என்பதற்கு அந்த ஊரே சிரித்தது.

இத்தனை வருஷமும் அவரை வைதுகொண்டிருந்தேன். இப்போது அதே வேலையை நானும் செய்திருக்கிறேன், ஜாங்கிரி வாங்கிக் கொண்டாடியும் இருக்கிறேன்.

பிப்ரவரி 28, செவ்வாய்

நானே போன் செய்தேன். நடிக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன்.

"நான் பேசாம நின்னா, எவ்வளவு நேரமானாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குத்தான் மூச்சைப் படிக்கத் தெரியுமே. மனுஷர் பயந்திருந்தார்.

"சரி, வேணி" என்றார்.

மார்ச் 5, ஞாயிறு

முதல் ஒத்திகை. மயிலாப்பூரில் ஒரு டுடோரியல் சென்டரின் மாடி, சுவரெல்லாம் அல்ஜீப்ரா. அவருக்கு அறுபத்தாறு வயசு. முடி கொட்டிவிட்டது, குரல் கொட்டவில்லை. கையில் சின்ன நடுக்கம். நான் புதுக் காட்டன் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். வெயிலுக்காகத்தான்.

காட்சியை ஆறு தடவை ஓட்டினோம். ஆறு தடவையும் வரியை நிறுத்தாமல் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் தயாராக வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றதைப் பார்க்கச் சிரிப்பாக வந்தது.

மார்ச் 12, ஞாயிறு

ஒத்திகை முடிந்து காபி குடிக்க உட்கார்ந்தபோது அவரே ஆரம்பித்தார். தம்ளரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"நீ மறக்கலேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

நான் என் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீ என்னைப் பார்த்த பார்வை மூணாவது வரிசைவரைக்கும் தெரிஞ்சிருக்கும். மூணாவது வரிசையிலதான் ஹேமா உட்கார்ந்திருந்தா, அவ அப்பா அம்மாவோட. அதான் பேசினேன். நீ மறந்துட்டேன்னு ஜனங்க நினைச்சுக்கட்டும்னு." தம்ளரை ஒரு சுற்று சுற்றினார். "முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும். எல்லாத்தையுமே."

அடப் பாவி மனுஷா. இதைச் சொல்ல முப்பத்திரண்டு வருஷமா. எழுந்து போய்விடலாம் என்று செருப்பைக்கூடத் தேடினேன். போயிருந்தால் மறுபடியும் அவர் பேசியதுதான் கடைசி வார்த்தையாக நிற்கும். இல்டா என்ன செய்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன்.

"காபி ஆறிப்போறது, குடிங்க" என்றேன்.

குடித்தார். தம்ளர் கையில் ஆடியது. வாங்கிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, அதற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. இன்னும் ஆசையிருக்கிறது. வெட்கங்கெட்ட ஆசை. அறுபத்தொரு வயசில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

மார்ச் 18, சனி

சீரியல் முழுவதும் இன்று ஒரே நாளில் ஆப்பில் வந்துவிட்டது, நூற்றுப் பதினெட்டாம் பகுதியும். என் வரியோடுதான். போனில் சத்தத்தை அணைத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் பார்த்தேன். கழுத்துக் குழி தெரியவில்லை, முதுகின் மேல்பக்கம் மட்டும் ஒரு தடவை ஏறி இறங்குகிறது. ஒன்பது நொடிக்கு ஒரே மூச்சு. மன்னித்துக்கொள் தாயே. நாளைக்கு மேடையில் அதைத் திருப்பித் தருகிறேன். ஒன்பது நொடி நிற்பேன், அப்புறம் வரியைச் சொல்வேன்.

புடவைக்கு இஸ்திரி போட்டாயிற்று.

மார்ச் 20, திங்கள்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சபா நிறைந்திருந்தது. இளம்பரிதியும் ஜோயலும் நாலாவது வரிசையில். ஜோயலுக்கு என் முழு உயரம் அன்றுதான் தெரிந்ததாம். எங்கள் காட்சி கடைசியாக வந்தது. நான் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரகோத்தமன் தோள் பையோடு வாசலில் வந்து நின்றார். நான் எழுந்தேன்.

"நல்லா இருக்கியா?"

நின்றேன். உள்ளுக்குள் எண்ணினேன். மூன்றாவது நொடியில் முதல் வரிசை இருமல் நின்றது. ஐந்தாவதில் மின்விசிறியின் சத்தம் கேட்டது. அவர் உதடு அசைந்தது. பழக்கம், பாவம். அசைந்ததைப் பல்லால் கடித்து நிறுத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை. ஒன்பது. வாயைத் திறந்தேன்.

வரி இல்லை.

சத்தியமாக இல்லை. துடைத்துவிட்ட பலகை. தொண்டையில் தேடினேன், நெஞ்சில் தேடினேன். பத்து, பன்னிரண்டு, பதினைந்து. இவ்வளவு வருஷம் மறந்தவள் என்று பேர் வாங்கியவளுக்கு, கடைசியில் நிஜமாகவே மறந்துபோனது. எடுத்துக் கொடுக்க வேண்டிய ஒரே மனுஷர் எதிரில் நிற்கிறார், அவர் வாயையும் நானே பூட்டிவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவசரமில்லாமல், எத்தனை வருஷமானாலும் நிற்பவர் மாதிரி நின்றார். என் வாழ்க்கையில் யாரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

வேறு வழி தெரியாமல் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினேன். வாங்கிக் குடித்தார். கை நடுங்கிச் சட்டையெல்லாம் தண்ணீர். திரை விழுந்தது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் யாரும் கைதட்டவில்லை. பிறகு தட்டினார்கள், நிறுத்தவேயில்லை.

ஒப்பனை அறையில் அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "ஏன் அந்த வரியைச் சொல்லலே?"

"வேண்டாம்னு தோணிச்சு. அடிச்சுட்டேன்" என்றேன்.

தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். ஜோயல் வந்து காலில் விழுந்தான். இளம்பரிதி, "இனிமே வாய் தெரியாத இடத்துல வார்த்தை போடச் சொல்ல மாட்டேன் மேடம்" என்றான். நான் மகராணி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். உண்மையை யாரிடமும் சொல்லப்போவதில்லை. இல்டா இருந்திருந்தால் அவளிடம் மட்டும் சொல்லியிருப்பேன். பல்செட் கழன்று விழும்வரை சிரித்திருப்பாள்.

இன்று காலை பால் பொங்கும்போது வரி முழுசாக வந்து நின்றது, ஒரு எழுத்துக் குறையாமல். அடுப்பைப் பார்த்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பத்து மணிக்குப் போன் வந்தது.

"நான்தான்" என்றார்.

"தெரியும்" என்றேன்.

அப்புறம் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒன்பதுவரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை.